ஒடுங்குதல்: ஒரு சொல்லைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. கதை எழுதுகிறவர்கள், மொழிபெயர்க்கிறவர்கள், தேர்வுக்குப் படிக்கிறவர்கள் என்று பலரும் சொற்களைப் பற்றிக் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்து நிற்கும் சொல் ‘ஒடுங்கு’. எல்லோருக்கும் தெரிந்த சொல்தான். ஆனால் அச்சம், இடுக்கு, மரணம், வேதியியல், தத்துவம் என்று எங்கே திரும்பினாலும் எதிரே வருகிறது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

‘பயந்து ஒடுங்கினான்’ என்று எழுத வேண்டுமா? ‘பயந்தான்’ என்றாலே போதாதா?

பயந்தான் என்றால் மனத்தில் நடந்தது தெரிகிறது. ஒடுங்கினான் என்றால்தான் உடம்பு தெரிகிறது. கணக்கு நோட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்த ஒரு பையனைப் பாருங்கள். ஆசிரியர் வரிசையாக நோட்டைக் கேட்டுக்கொண்டே வருகிறார். பையன் ஓடவில்லை, அழவில்லை. தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறுகின்றன, கழுத்து உள்ளே இறங்குகிறது, முழங்கைகள் விலாவோடு ஒட்டிக்கொள்கின்றன. முன்பெஞ்சுக்காரனின் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிடலாம் என்ற கணக்கில் அவன் அளவு சிறுத்துக்கொண்டே போகிறது. அதற்குத்தான் ஒடுங்குதல் என்று பெயர்.

பாத்திரம் சும்மா பயந்தது என்றால் ‘பயந்தான்’ போதும். பயம் அவனைச் சிறிதாக்கியது என்று சொல்ல வேண்டுமானால் இரண்டாம் சொல் வேண்டும்.

அப்படியானால் ‘ஒடுங்கு’ என்பதன் பொருளே பயப்படுவதுதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். ‘ஒடுங்கு’ அளவைச் சொல்லும் சொல். பரந்திருந்தது குறுகுவது, வெளியே இருந்தது உள்ளே போவது, நீட்டியிருந்தது மடங்குவது. அவ்வளவுதான் அதன் வேலை. மாலையில் புளிய இலை ஒடுங்குகிறது. அதற்கு யார் மேலும் பயமில்லை. சந்து போகப் போக ஒடுங்குகிறது. நோயில் கிடந்தவரின் கன்னம் ஒடுங்குகிறது.

அச்சம் இந்தச் சொல்லுக்குள் பிறக்கவில்லை, வெளியிலிருந்து வந்து குடியேறியது. அதனால்தான் ‘பயந்து’, ‘அஞ்சி’, ‘நடுங்கி’ என்று ஏதாவது ஒன்றை முன்னால் நிறுத்துகிறோம். வெறுமனே ‘ஒடுங்கினான்’ என்று எழுதினால், பயத்தாலா, குளிராலா, நாணத்தாலா, நோயாலா என்பது முந்தைய வாக்கியத்தைப் பொறுத்தது.

‘பயந்து ஒடுங்கி’, ‘அஞ்சி ஒடுங்கி’: இவற்றில் எது நல்ல தமிழ்?

இரண்டும் நல்ல தமிழ்தான். ‘அஞ்சு’ தமிழின் சொந்த வினை, அதன் பெயர்ச்சொல் ‘அச்சம்’. ‘பயம்’ வடமொழியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட சொல். பழைய நூல்களில் மட்டும் எச்சரிக்கை தேவை. அங்கே ‘பயம்’ என்றால் பெரும்பாலும் பயன் என்று பொருள், ‘பயந்தாள்’ என்றால் பெற்றெடுத்தாள். சங்கப் பாட்டில் தாய் ‘பயந்தாள்’ என்று வந்தால் அவள் எதைக் கண்டு பயந்தாள் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

நடுங்கு, பதுங்கு, கூனிக்குறுகு, பம்மு எல்லாம் ஒன்றுதானே? மாற்றி மாற்றிப் போடலாமா?

போடலாம், ஆனால் படம் மாறிவிடும். நடுங்குவது அசைவு, ஒடுங்குவது அளவு. குளிர்காய்ச்சல்காரர் கைகால் நீட்டிப் படுத்துக்கொண்டே நடுங்கலாம். ஒடுங்கியவர் ஆடாமல் அசையாமல் கிடக்கலாம்.

பதுங்குவதில் திட்டம் இருக்கிறது. புலி பதுங்குவது பாய்வதற்கே என்கிறோம். அங்கே ‘ஒடுங்குவது’ என்று போட்டால் புலி நோயாளியாகிவிடும். கூனிக்குறுகுவது பெரும்பாலும் அவமானத்தின் வேலை: நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற உணர்வு அதற்கு வேண்டும். ஒடுங்குவதற்கு யாரும் பார்க்க வேண்டியதில்லை, இருட்டில் தனியாக இருப்பவரும் ஒடுங்குவார். ‘பம்மு’ பேச்சில் நன்றாக ஒலிக்கிறது, ஆனால் அதில் கொஞ்சம் நடிப்பு கலந்திருக்கிறது. காரியம் ஆகும்வரை அடங்கியவர்போல் இருப்பவரைத்தான் ‘பம்முகிறார்’ என்கிறோம்.

‘சப்த நாடியும் ஒடுங்கியது’ என்கிறார்களே, சத்தம் போடும் நாடியா அது?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும். தவறு கேட்டவருடையது அல்ல, எழுத்துடையது. வடமொழியில் ஏழு என்ற எண்ணைக் குறிக்கும் சொல்லும் ஓசையைக் குறிக்கும் சொல்லும் வேறு வேறு ஒலிகள் கொண்டவை. தமிழ் எழுத்தில் இரண்டும் ‘சப்த’ என்று ஒரே வேடத்தில் வந்து நிற்கின்றன. இங்கே இருப்பது ஏழு: சப்தரிஷிகள், சப்த கன்னியர் வரிசையில் வரும் சப்தம்.

ஏழு நாடிகள் எவை என்று பட்டியல் தேட வேண்டியதில்லை. இதே தொடரைச் ‘சர்வ நாடியும் ஒடுங்கியது’ என்றும் சொல்வதுண்டு. ஒன்றுகூட மிச்சமில்லாமல் எல்லாமே உள்ளே இழுத்துக்கொண்டன என்பதே செய்தி. பயத்தில் தோலுக்கு அடியில் இருக்கும் சிறு ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, முகம் வெளுக்கிறது, கைவிரல்கள் சில்லிட்டுப் போகின்றன. அந்த அனுபவத்தைப் பார்த்தவர்கள் சொன்ன தொடர் இது. வெறும் மிகை என்று தள்ளிவிட முடியாது.

இந்தச் சொல்லின் வேர் எது? ‘ஓடு’ என்பதிலிருந்து வந்ததா? ‘ஒடி’யிலிருந்தா?

‘ஓடு’ நெடில், ‘ஒடுங்கு’ குறில். பொருளும் எதிர்த்திசையில் போகிறது: ஓடுகிறவன் இடத்தைக் கடக்கிறான், ஒடுங்குகிறவன் இருந்த இடத்திலேயே இடத்தைக் குறைத்துக்கொள்கிறான். ‘ஒடி’யோடும் சேர்க்க வேண்டாம். ஒடிந்த கொம்பு இரண்டாகிறது, ஒடுங்கியது ஒன்றாகவே இருக்கிறது.

உறவுமொழிகளைப் பார்த்தால் அடி எதுவென்று தெரியும். மலையாளத்தில் ‘ஒடுங்ஙுக’ என்றால் முடிந்துபோவது, ‘ஒடுக்கம்’ என்றால் முடிவு, ‘ஒடுவில்’ என்றால் கடைசியில். அந்த ‘ஒடுவில்’ என்ற சொல்லில் ‘ங்கு’, ‘க்கு’ எதுவும் ஒட்டாமல் ‘ஒடு’ என்ற அடி தனியாக நிற்கிறது. கன்னடத்தில் ‘உடுகு’ என்றால் சுருங்குவது, குறைவது. தெலுங்கிலும் ‘உடுகு’ உண்டு. குறைவது, ஓய்வது என்று பொருள். பரோ, எமனோ என்ற இரு மொழியியலாளர்கள் தொகுத்து 1961இல் முதலில் வந்து, 1984இல் திருத்தப்பட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இவற்றை ஒரே குடும்பமாக வைக்கிறது.

கன்னடச் சொல்லில் ‘ஒ’ இல்லை, ‘ங்’ இல்லை. எப்படி ஒரே சொல் என்கிறீர்கள்?

ஒற்றைச் சொல்லை வைத்துச் சொன்னால் சந்தேகப்படத்தான் வேண்டும். வரிசையாக வந்தால் நம்பலாம். தமிழில் ‘அடங்கு’, கன்னடத்தில் ‘அடகு’. தமிழில் ‘தூங்கு’ (தொங்கு என்ற பழைய பொருளில்), கன்னடத்தில் ‘தூகு’. தமிழில் மூக்கொலி இருக்கும் இடத்தில் கன்னடத்தில் அது இல்லை, இதுபோல் பல சொற்கள் உண்டு. உயிரெழுத்துக்கும் அப்படித்தான். அடுத்த அசையில் இ, உ வந்தால் கன்னடத்தில் முன்னால் இருக்கும் எ, ஒ ஆகியவை இ, உ ஆவதுண்டு: ‘பெரிய’ அங்கே ‘ஹிரிய’, ‘பொடி’ அங்கே ‘புடி’.

இன்னொரு சுவையான விஷயம். பயத்தில் கால் செயலற்றுப் போனதைக் கன்னடத்தில் ‘ஜங்காபலம் உடுகிப்போயிற்று’ என்பார்கள், காலின் வலிமை ஒடுங்கிவிட்டது என்று அர்த்தம். நாம் நாடியை ஒடுக்குகிறோம், அவர்கள் கால் வலிமையை ஒடுக்குகிறார்கள். பயத்தைச் சொல்ல இரு வீட்டுக்காரர்களும் ஒரே பழைய வினையைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

‘ஒடுங்கு’, ‘ஒடுக்கு’: எதை எங்கே எழுதுவது?

தானாக நடந்தால் ‘ங்கு’, பிறர் செய்தால் ‘க்கு’. அடங்கு, அடக்கு, சுருங்கு, சுருக்கு, முடங்கு, முடக்கு என்ற வரிசையில் வருவது இது. இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்பார்கள். ‘கலவரத்தைப் போலீசார் ஒடுங்கினர்’ என்று ஒருமுறை மெய்ப்பில் வந்தது. ஓர் எழுத்துதான், போலீசார் மூலையில் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

பெயர்ச்சொல்லில் மட்டும் வித்தியாசம் தெரியாது. தானாக ஒடுங்கியதும் ‘ஒடுக்கம்’தான், பிறர் ஒடுக்கியதும் ‘ஒடுக்கம்’தான். குடத்தில் விழும் ‘ஒடுக்கு’ இதே சொல்: தட்டுப்பட்ட இடத்தில் உலோகம் உள்ளே போய்விட்டது.

பழைய இலக்கியத்தில் ‘ஒடுங்கு’ பயத்தோடு வருகிறதா?

பயமே இல்லாமல் வரும் இடங்களைத்தான் நான் முதலில் காட்டுவேன். குறுந்தொகையின் 70ஆம் பாட்டு ‘ஒடுங்கீர் ஓதி’ என்று தொடங்குகிறது. தலைவியின் கூந்தலைத்தான் சொல்கிறார்கள். அடங்கிப் படிந்த, ஈரப்பசையுள்ள கூந்தல். அச்சத்துக்கு அங்கே வேலையே இல்லை.

புறநானூற்றின் 8ஆம் பாட்டில் கபிலர் சேர மன்னனை ‘ஒடுங்கா உள்ளத்து’ அரசன் என்கிறார். அதற்கு முந்தைய அடியைச் சேர்த்துப் படியுங்கள்: ‘இடம் சிறிது என்னும் ஊக்கம் துரப்ப’. நாடு போதவில்லை, இடம் சிறியது என்று ஊக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதனால் உள்ளம் ஒடுங்கவில்லை. இரண்டாம் கேள்விக்குச் சொன்னேனே, இது அளவைச் சொல்லும் சொல் என்று. கபிலர் அதை இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்.

அப்படியானால் பழந்தமிழர் பயத்தை எந்தச் சொல்லால் சொன்னார்கள்?

நிறையச் சொற்களால். ‘பே நாம் உரும்’ என்ற மூன்றும் அச்சப் பொருளுடையவை என்று தொல்காப்பிய உரியியல் சொல்கிறது. ‘உரு’ என்பதற்கு ‘உட்கு’, அதாவது அச்சம், என்று பொருள் தருவதும் அதே இயல். ‘நாமநீர்’ என்று கடலைச் சொல்வதில் இருக்கும் ‘நாம்’ இதுதான், பெயரைக் குறிக்கும் நாமம் அல்ல.

அதே தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்களை நான்காகப் பிரிக்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. தெய்வமும் காட்டு விலங்கும் திருடனும் அரசனும் ஒரே வரிசையில் நிற்பதை நான் ஒவ்வொரு முறையும் ரசிப்பேன். நான்கு பேருக்கும் முன்னால் மனிதன் செய்வது ஒன்றுதான், தன் அளவைக் குறைத்துக்கொள்வது.

ஒடுங்குவது கோழைத்தனம்தானே? என் கதாநாயகன் ஒடுங்கினால் வாசகர் மதிப்பாரா?

மதிப்பார். திருக்குறளின் 486ஆம் குறளைப் பாருங்கள்: ‘ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து’. காலமறிதல் அதிகாரத்தில் வருவது. தகர் என்றால் ஆட்டுக்கடா. சண்டைக்கடாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முட்டுவதற்கு முன்னால் அது பின்னால் போகும். தலை தாழும், கழுத்து உள்ளிழுபடும், உடம்பு ஒரு பந்துபோலத் திரளும். பார்க்கிறவருக்குப் பயந்து பின்வாங்குவதாகத் தோன்றும். அடுத்த நொடியில் மண்டை மோதும் ஓசை கேட்கும்.

வள்ளுவர் இங்கே ‘ஒடுக்கம்’ என்ற சொல்லைத் தேர்ந்தது சும்மா அல்ல என்பது என் எண்ணம். கோழையின் ஒடுக்கமும் வீரனின் ஒடுக்கமும் வெளியே ஒன்றுபோலவே இருக்கும். காரணம்தான் வேறு. சொல்லுக்குள் தீர்ப்பு கிடையாது, அதை நீங்கள்தான் கதையில் எழுத வேண்டும்.

‘அடக்க ஒடுக்கமான பெண்’ என்று புகழ்கிறார்களே, அதில் இருப்பதும் பயம்தானா?

பேசுகிறவர் பயத்தை நினைத்துச் சொல்வதில்லை. குரல் தாழ்ந்திருப்பது, கைகால் வீசாமல் நடப்பது, எதிரில் வந்து நிற்காதது இவற்றைத்தான் சொல்கிறார். அதாவது, அவள் குறைவான இடத்தை எடுத்துக்கொள்கிறாள் என்கிறார். அளவுதான் மறுபடியும்.

ஆனால் இந்தத் தொடரின் இரண்டு பாதிகளும் சமம் அல்ல. ‘அடக்கம்’ எல்லோருக்கும் உரிய பெருமை. ஆமைபோல ஐந்தையும் அடக்கச் சொல்லும் குறள் ஆண், பெண் பார்க்கவில்லை, ‘அடக்கமான மனிதர்’ என்று அமைச்சரையும் விஞ்ஞானியையும் பாராட்டுகிறோம். ‘ஒடுக்கமான மனிதர்’ என்று யாரையாவது பாராட்டிக் கேட்டிருக்கிறீர்களா? இரண்டையும் சேர்த்து ஒருவருக்குச் சூட்டும்போது அந்த ஒருவர் பெரும்பாலும் பெண், பெரும்பாலும் மணப்பேச்சு நடக்கிற வீடு. நான் மெய்ப்பில் இதைத் திருத்துவதில்லை. ஆசிரியர் பாத்திரத்தின் வாயில் வைத்தாரா, தன் வாயாலேயே சொல்கிறாரா என்று மட்டும் ஓரத்தில் கேட்பேன்.

‘ஒடுக்கப்பட்டோர்’, ‘ஒதுக்கப்பட்டோர்’: இரண்டும் ஒன்றா?

இல்லை. ‘ஒதுக்கு’ பக்கவாட்டில் தள்ளுவது, ‘ஒடுக்கு’ மேலிருந்து அழுத்துவது. ஒதுக்கப்பட்டவரை ஊருக்கு வெளியே நிறுத்துகிறார்கள். ஒடுக்கப்பட்டவர் ஊருக்குள்ளேயே இருக்கலாம், நிமிர விடமாட்டார்கள். ஒரே மக்களுக்கு இரண்டும் நடந்திருக்கிறது என்பதால் சொற்கள் குழம்புகின்றன. ‘ஒதுக்கு’ நல்ல பொருளிலும் வரும்: ஒருவருக்கென்று தனியாக எடுத்துவைப்பதும் ஒதுக்குவதுதான், இடஒதுக்கீடு அப்படி வந்தது. ‘ஒடுக்கு’ மனிதர் மேல் நடக்கும்போது அப்படியொரு நல்ல முகம் அதற்கு இல்லை.

சைவ நூலில் ‘உலகம் ஒடுங்கும்’ என்று படித்தேன். உலகம் எதற்காகப் பயப்படுகிறது?

பயப்படவில்லை. அங்கே ஒடுக்கம் என்பது தோன்றியது தான் வந்த இடத்துக்குத் திரும்பி அடங்குவது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் முதல் சூத்திரத்திலேயே ‘ஒடுங்கி’ என்ற சொல்லை வைக்கிறது. தோற்றம், நிலை, ஒடுக்கம் என்று மூன்றாகச் சொல்வார்கள். அழிவு என்று எழுதினால் சைவ சித்தாந்திகள் ஒப்பமாட்டார்கள். ஒடுங்கியது மறுபடி தோன்றும், அழிந்தது தோன்றாது. விரித்த குடையை மடக்குவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘புலன் ஒடுங்குதல்’, ‘மனம் ஒடுங்குதல்’ எல்லாம் இந்த வழியில் வந்தவை.

‘ஒடுக்கத்துப் புதன்’ என்கிறார்களே, அது என்ன ஒடுக்கம்?

கடைசி என்ற பொருள். தமிழ் முஸ்லிம்கள் இஸ்லாமிய நாட்காட்டியில் வரும் ஸபர் மாதத்தின் கடைசிப் புதன்கிழமையை இப்படி அழைப்பார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் மண்டைக்காடு பகவதி கோயிலின் மாசிக்கொடை ‘ஒடுக்கு பூஜை’யோடு நிறைவடைகிறது. மேலே மலையாளத்தில் ‘ஒடுக்கம்’ முடிவைக் குறிக்கும் என்றேன். அதே பொருள் தமிழ்நாட்டிலும் இப்படிச் சில தொடர்களில் தங்கியிருக்கிறது. குறுகிக்கொண்டே போவது ஓரிடத்தில் முடியத்தானே வேண்டும்? ‘மூச்சு ஒடுங்கியது’ என்று மரணத்தைச் சொல்வதும் அப்படித்தான்.

வேதியியல் பாடத்தில் ‘ஒடுக்கம்’ என்றால் எலக்ட்ரானைப் பெறுவது. பெறுவது எப்படி ஒடுங்குவதாகும்?

என்னிடம் இதைக் கேட்டவர் பதினொன்றாம் வகுப்பு மாணவி. நியாயமான கோபம். எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்படுவதற்கு வெகுகாலம் முன்பே உலோகத் தாதுவைக் கரியோடு சுட்டு உலோகம் எடுத்தார்கள். தாதுவில் இருந்த ஆக்ஸிஜன் போய்விடுவதால் கிடைத்த உலோகம் எடை குறைவாக இருந்தது. குறைந்தது என்பதால் ஆங்கிலத்தில் ‘ரிடக்‌ஷன்’ (reduction), அதாவது குறைத்தல், என்று பெயர். தமிழில் அதை ‘ஒடுக்கம்’ என்று ஆக்கினார்கள். பின்னால் எலக்ட்ரான் கணக்கு வந்தபோது பெயர் பழையதாகவே நின்றுவிட்டது. எலக்ட்ரான் சேரும்போது ஆக்ஸிஜனேற்ற எண் குறைகிறது என்று நினைவு வைத்துக்கொண்டால் பெயர் பொருந்தும். இலங்கைப் பாடநூல்களில் இதைத் ‘தாழ்த்தல்’ என்பார்கள்.

‘ஒடுங்கிபோனான்’ சரியா, ‘ஒடுங்கிப்போனான்’ சரியா?

ப் வேண்டும். இகரத்தில் முடியும் வினையெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகும். ‘பயந்து போனான்’ என்பதில் மிகாது, ‘ந்து’ என்று மெல்லின மெய்யை அடுத்து வரும் உகரத்தில் முடிவதால் அது மென்தொடர்.

‘ஒடுங்கு’ என்பதற்கு எதிர்ச்சொல் என்ன? தேர்வில் கேட்டார்கள்.

எந்தப் பொருளுக்கு என்று கேள்வித்தாள் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாதை என்றால் ‘அகல்’. இலை என்றால் ‘விரி’. உலகம் என்றால் ‘தோன்று’. பயந்து ஒடுங்கிய மனிதன் என்றால் நான் ‘நிமிர்’ என்பேன். விடைக்குறிப்பில் ‘விரி’ என்று இருந்ததாகக் கேள்வி. அதுவும் தவறில்லை, ஆனால் மூலையில் ஒடுங்கிக் கிடந்த பையன் ‘விரிந்தான்’ என்று மெய்ப்பில் வந்தால் கட்டாயம் திருத்துவேன்.